ஓய்வறைக்கு வந்த நல்வாழ்வு

கம்பெனியின் பெயரைச் சொன்னால் வம்பு. முதலிபாளையம் பக்கம் இருக்கிறது, பனியன் ஏற்றுமதி செய்கிறது, வாசலில் பிள்ளையார் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த மூன்று அடையாளங்களை வைத்துத் தேடினால் இருநூறு கம்பெனிகளில் ஏதாவது ஒன்றின் கேட்டில் போய் நிற்பீர்கள். அங்கேயும் இதேதான் நடந்துகொண்டிருக்கும், கவலைப்பட வேண்டாம்.

அந்தக் கம்பெனியின் தரைத்தளத்தில், சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி, பெண்களுக்கென்று ஓர் ஓய்வறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து வசதிகளைச் சரிபார்க்கிற ஆடிட்டுக்காகக் கட்டியது. நான்கு மின்விசிறி, கடப்பாக்கல் தரை, ஒரு தண்ணீர் கேன், சுவரில் முருகன் காலண்டர். ஆடிட்டுக்காகக் கட்டினாலும் அறை அறைதானே. மத்தியானம் பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் செக்கிங்கிலும், நூல் வெட்டுகிற டிரிம்மிங்கிலும், பழுது தைக்கிற ஆல்டரிலும் வேலை செய்கிற நாற்பது பெண்கள் கால் மணி நேரத்தில் தூக்குப்போசியைக் காலி செய்துவிட்டு, அந்தக் கடப்பாக்கல்லில் முந்தானையை விரித்துப் படுப்பார்கள். ஒன்றே காலுக்கு மறுபடி மணி.

வேலாத்தாள் அந்த நாற்பதில் ஒருத்தி. வயது நாற்பத்தேழு. அவிநாசிபாளையத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறாள். பதினோரு வருடமாகச் செக்கிங் மேசை. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, ஆல்டர் பகுதிக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே சரி செய்துவிடுவார்கள். இதைப் பத்து மணி நேரமும் நின்றுகொண்டு செய்ய வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் கண்ணும் உட்கார்ந்துவிடும் என்று கோயமுத்தூரிலிருந்து வந்த வேலைத்திறன் நிபுணர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் அதைச் சொன்னபோது உட்கார்ந்திருந்தார்.

பதினோரு வருடம் நின்றதில் வேலாத்தாளின் இரண்டு முழங்காலுக்குக் கீழும் நரம்பு சுருண்டு, பச்சையாகப் புடைத்துக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒரே வாக்கியத்தில் வைத்தியத்தை முடித்தார். "மத்தியானம் இருபது நிமிஷம் காலைச் செவுத்துல தூக்கி வெச்சுப் படுங்க, இல்லாட்டி நிக்கற வேலையை விடுங்க."

நிற்கிற வேலையை விட முடியாது. அவளுக்குத் தையல் தெரியாது, கண்தான் தொழில். மகள் அனுப்ரியா தாராபுரத்தில் நர்சிங் இரண்டாம் வருடம். ஆகவே இருபது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டாள். அது கிடைத்த நாளில் ஆறரை வரை கால் தாங்கும். கிடைக்காத நாளில் நாலு மணிக்கு மேல் கால்வலி மேலே ஏறி வந்து கண்ணை மறைக்கும், பீஸில் ஓட்டை தெரியாது. அவள் பிழைப்பு முழுக்க அந்த இருபது நிமிடத்தில்தான் இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. அறுபத்தி நாலாவது கேள்வி: 'உங்கள் தொழிலாளர்கள் தங்கள் உணர்வுகளைப் படைப்பூக்கத்துடன் வெளிப்படுத்த என்ன ஏற்பாடு உள்ளது?'

தரணீதரன் என்கிற ஹெச்.ஆர். மேலாளர், பாய்லர் பற்றிய கேள்விக்கு எழுதியதுபோலவே இதற்கும் 'எங்களுக்குப் பொருந்தாது' என்று எழுதி அனுப்பினார். அது வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. அடுத்த வாரம் தரணீதரனின் மேசைப் பலகையில் 'தலைவர், நல்வாழ்வு' என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த வாரம் 'உள்வானம் கலை நல்வாழ்வு அறக்கட்டளை' வந்து இறங்கியது. கலைஞர்கள் தங்கள் புதிய படைப்புகளைத் தொழிலாளர்களிடம் சோதித்துப் பார்ப்பார்கள், தொழிலாளர்கள் அதனால் மனநலம் பெறுவார்கள், திட்டம் மூன்று மாதம். சோதனைக்கு ஆள் கிடைத்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சி, கேள்விக்குப் பதில் கிடைத்ததில் இவர்களுக்கு மகிழ்ச்சி. இடம் ஒன்றுதான் குறை. அதற்கு ஓய்வறை இருந்தது.

தொடக்க விழாவில் முதலாளி சுப்பண்ணன் பேசினார். நல்ல மனிதர். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது.

"எங்கப்பன் காலத்துல தொழிலாளிக்கு ஒரு டீ குடுத்தாப் போதும்னு இருந்துச்சுங்க. இப்ப டீ பத்தறதில்லீங்க. மனசுக்கும் ஏதாச்சும் குடுக்கோணும்னு பையர் சொல்றாங்க. என்னத்தைக் குடுக்கறதுன்னு நம்ம தரணிகிட்டக் கேட்டன். கலைன்னாப்ல. அது எத்தனை இடத்தை அடைக்கும்னு கேட்டன். ஒரு ரூமு போதும்னாப்ல. செரீன்னுட்டன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போட்டன், புரொடக்சன் நேரத்துல கை வெச்சறாதீங்க. மத்த நேரம் பூராவும் தொழிலாளிக்குத்தானுங்க."

மத்த நேரம் என்பது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கைதட்டல் ஓய்ந்ததும் தரணீதரன் விளக்கினார்.

"தினமும் பன்னெண்டே முக்கால்லருந்து ஒண்ணே கால் வரைக்கும் பட்டறை. கட்டாயம் ஒண்ணும் இல்லீங்க. விருப்பம் இருக்கறவங்க வரலாம். வராதவங்க பேரை மட்டும் நான் எழுதி வெச்சுக்குவேன்."

விருப்பம் நாற்பது பேருக்கும் வந்துவிட்டது.

பட்டறையை நடத்தியவர் மோனிஷா. சென்னை. துணியில் சிற்பம் செய்கிறவர். கழுத்தில் பெரிய மரமணி மாலை, நல்ல சிரிப்பு, யாரையும் அதட்டத் தெரியாத குரல். முதல் நாள் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். தரையில் அவர் விரித்திருந்த ஓவியத் தாள்கள் கசங்கக் கூடாது என்பதால் உட்கார முடியாது.

"இங்க சரி, தப்பு எதுவுமே கிடையாது. அதை மட்டும் மறந்துடுங்க," என்றார் மோனிஷா.

வேலாத்தாளுக்குப் பக்கென்றது. பதினோரு வருடமாகச் சரி எது தப்பு எது என்று பார்த்துத்தான் சோறு தின்கிறாள்.

வட்டம் கலைந்ததும் அவள் நேராக மோனிஷாவிடம் போனாள். "ஏனுங் மேடம், இந்த ரூமுல நாங்க மத்தியானம் சித்தெ படுத்துக்குவமுங்க. என்ற காலு நெம்ப நோவுதுங்க. நீங்க வேற எங்காச்சும் வெச்சுக்கப்படாதுங்களா?"

மோனிஷா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நேர்மையாச் சொல்றீங்க அக்கா! இதை அப்படியே உணர்வு மரத்துல எழுதுங்க."

உணர்வு மரம் சுவரில் இருந்தது. முருகன் காலண்டரைக் கழற்றிவிட்டு அட்டையில் வெட்டி ஒட்டிய மரம். பச்சைக் காகித இலை ஒன்றை எடுத்து, மனதில் இருப்பதை எழுதி, அதில் ஒட்ட வேண்டும். வேலாத்தாள் எழுதினாள்: 'மத்தியானம் இந்த ரூமை எங்களுக்கே விட்டுருங்க. கால் வலிக்குது.' மறுநாள் டிரிம்மிங் பெண்கள் அதையே எழுதினார்கள். ஒரு வாரத்தில் நாற்பது பேரும் அதையே எழுத, மரம் நன்றாகத் தழைத்தது. தரணீதரன் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் பையருக்குப் போனது. அதில் இலை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

பிறகு மூன்று வாளிகள் வந்தன. ஒன்றில் சிரித்த முகம், ஒன்றில் சும்மா இருக்கிற முகம், ஒன்றில் அழுகிற முகம். பட்டறை முடிந்து போகும்போது ஆளுக்கொரு பித்தானை, பேரைச் சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு வாளியில் போட வேண்டும். வேலாத்தாள் நிஜத்தைச் சொல்லுவோம் என்று அழுகிற வாளியில் போட்டாள். அன்று மாலையே அவளைக் கூப்பிட்டார்கள். மகிழ்ச்சிக் குறைவு உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் கூடுதல் பட்டறை. அதுவும் நின்றுகொண்டு. அடுத்த வாரத்திலிருந்து நாற்பது பித்தானும் சிரித்த வாளியில் விழுந்தன. கம்பெனியின் மகிழ்ச்சி நூற்றுக்கு நூறு என்று அறிக்கை போயிற்று.

சாப்பாடு மாடிப்படிக்கு மாறியது. பன்னிரண்டு நாற்பதுக்கே பேர் எழுத ஆரம்பித்துவிட்டதால், கூடத்துக்குள் போய் உட்கார்ந்து எழுந்துவர நேரம் இல்லை. ஒரு நாள் களிமண்ணில் கனவு பிசைந்தார்கள், ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு நூலின் குரலைக் கேட்டார்கள், ஒரு நாள் எல்லோரும் மரமாக நின்றார்கள். மரமாக நிற்பதில் அந்த நாற்பது பேரை மிஞ்ச ஆள் கிடையாது, முன் அனுபவம் அப்படி.

ஆறாவது வாரம் வேலாத்தாள் வாயால் சொல்லிப் பயனில்லை, காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தாள். மோனிஷாவைத் தனியாகக் கூட்டிப்போய், சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். "பாருங் கண்ணு. நீயும் ஒரு பொம்பளப் புள்ளைதானே. இது பாதிநாளு வெடிச்சுப்போயிருமாட்ட இருக்குது."

மோனிஷாவின் கண்கள் உண்மையாகவே கலங்கின. "அக்கா, அசையாம அப்படியே நில்லுங்க," என்றார். அரை மணி நேரம் நிற்க வைத்து வரைந்தார்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. பெரிய பச்சை நரம்பும் அதிலிருந்து பிரிகிற சின்ன நரம்புகளுமாக, நாலடி உயரம். கீழே 'நொய்யல்' என்று பெயர். அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். வருகிற விருந்தினர்கள் அதற்கு எதிரே சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நதி என்றால் இதுவல்லவோ என்று காப்பி குடித்தார்கள். வேலாத்தாள் ஒருநாள் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தாள். தன் கால் அங்கே குளுகுளு அறையில் இருக்கிறது, தான் இங்கே நிற்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் நாலு மணிக்கு மேல் அவள் பார்த்து அனுப்பிய லாட்டில் இரண்டு பீஸில் ஊசி ஓட்டை தப்பிப் போயிருந்தது. சூப்பர்வைசர் குணா வந்தான்.

"அக்கா, உங்க கையில இது வரைக்கும் இப்படி வந்ததில்ல. இன்னொருக்கா வந்துச்சுன்னா எம்மேல வருத்தப்படாதீங்க. டிரிம்மிங்குல ரெண்டு புதுப் புள்ளைங்க செக்கிங்குக்குப் பழகி ரெடியா நிக்குது."

"காலுதான் கண்ணு."

"நீங்கதான் நல்வாழ்வுல சிரிச்ச மூஞ்சி போட்டிருக்கறீங்களே. லிஸ்ட்டு எங்கிட்ட இருக்குதில்ல."

வேலாத்தாள் நாட்களை எண்ண ஆரம்பித்தாள். மூன்று மாதத் திட்டம். பத்து வாரம் ஓடிவிட்டது, இன்னும் மூன்று வாரம். பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும், அறை திரும்பிவிடும். மற்ற பெண்களுக்கும் அதையே சொன்னாள்.

அப்போதுதான் மோனிஷா தன் பெரிய படைப்பைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். இரண்டு மாதமாகத் தயாரித்தது. கட்டிங்கில் மிஞ்சிய துண்டுத் துணிகளை இணைத்து, அங்கங்கே கத்தரித்து ஓட்டை போட்டு, மெஷின் எண்ணெயைத் தெளித்து, தையலைப் பிரித்துத் தொங்கவிட்டு, ஆள் உயரத்துக்கு ஓர் அங்கி. பெயர் 'ஆறாத துணி'. ஒரு மாலை, வேலை முடிகிற நேரத்தில், அதைக் கொண்டுவந்து வேலாத்தாளின் செக்கிங் மேசையிலேயே விரித்தார்.

"கலை அதோட இடத்துலயே இருக்கணும் அக்கா. நாளைக்குக் காலையில இதைப் பாருங்க. உங்களுக்கு என்ன தோணுதோ, அதை இதுமேல செய்யுங்க. தயங்கவே தயங்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செக்கிங் மேசையில் ஒரு துணி கிடந்தால் வேலாத்தாளுக்கு என்ன தோன்றும்? மறுநாள் காலை, கால் இன்னும் வலிக்க ஆரம்பிக்காத நல்ல நேரத்தில், அவள் அதை டியூப்லைட்டுக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள். இந்தப் பிறவியில் இப்படி ஒரு பீஸ் பார்த்ததில்லை. ஓட்டை நாற்பத்தொன்று, எண்ணெய்க் கறை இருபத்தாறு, தையல் பிரிந்தது அளவே இல்லை. முக்கால் சுருள் ஸ்டிக்கர் தீர்ந்துபோயிற்று. சீட்டு எழுதி, பாவம் யாரோ புதுப்பிள்ளை மேடத்துக்குத் தைத்துக் கொடுத்தது போலிருக்கிறது என்று நினைத்தபடி ஆல்டருக்குத் தள்ளினாள். மேடத்தின் பொருள் என்பதால் 'அவசரம்' என்றும் எழுதினாள்.

ஆல்டர் பகுதியில் கலைமகள் இருந்தாள். முப்பது வயது. அந்தக் கம்பெனியில் ஓட்டை அடைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தாள், பிரிந்ததைப் பிடித்துத் தைத்தாள். கறையை மருந்துத் துப்பாக்கியால் அடித்து எடுத்தார்கள். தொங்கிய நூலையெல்லாம் டிரிம்மிங்கில் வெட்டினார்கள். சீட்டு இருக்கிறதே என்று குணா கையெழுத்துப் போட்டான். அயர்ன் ஆயிற்று. பேக்கிங்கில் அளவு எடுத்துப் பார்த்து, எந்த அளவிலும் வராததால் டபுள் எக்ஸெல் என்று ஸ்டிக்கர் ஒட்டி, மடித்து, பாலித்தீன் கவரில் போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்தார்கள். அந்தக் கம்பெனியின் வரலாற்றில் ஒரு வேலை இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு வேகமாக முடிந்ததில்லை.

மாலை மோனிஷா துணியைத் தேடினார். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

விசாரணை தரணீதரனின் அறையில் நடந்தது. தரணீதரன் எழுந்து நின்று கத்தினார்.

"அது ஓட்டை இல்லம்மா! அது கருத்து!"

"ஓட்டைன்னு நெனைச்சுப்போட்டனுங் சார்," என்றாள் வேலாத்தாள். "கருத்துன்னு ஒரு சீட்டுக் குத்தியிருந்தா உட்டிருப்பனுங்க."

"அதுல நாப்பத்தியொரு எடத்துல துயரம் இருந்துச்சு. ஒண்ணு பாக்கியில்லாம அடைச்சு வெச்சிருக்கீங்க!"

கலைமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பாராட்டா திட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மோனிஷா நாற்காலியில் உட்கார்ந்தார். கவரைப் பிரித்து, துணியை மடியில் போட்டு, அடைத்த இடங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அடைத்திருப்பதே தெரியவில்லை. கொஞ்சம் அழுதார். பிறகு வெளியே போய் அறக்கட்டளைத் தலைமைக்குப் போன் செய்தார். வேலாத்தாள் அந்தக் கால் மணி நேரத்தில் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிக்கொண்டு, தாராபுரத்து மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அங்கேயும் அவளுக்கு நாற்காலி போடவில்லை.

மோனிஷா திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. தலைமை மெய்சிலிர்த்துப் போனதாம். பங்கேற்பாளர்கள் தாமாகவே முன்வந்து காயத்தை ஆற்றியிருக்கிறார்களாம். இதுவரை எந்த ஊரிலும் இப்படி நடந்ததில்லையாம். துணியின் பெயர் 'ஆறிய துணி' என்று அப்போதே மாற்றப்பட்டது. தரணீதரனும் உடனே உட்கார்ந்து, தான் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிவந்ததாகச் சொன்னார்.

"அப்ப நான் போலாமுங்களா சார்?"

"போங்கம்மா, போங்க. உங்களாலதான் இந்த நல்ல சேதி. மூணு மாசத் திட்டத்தை ஒரு வருஷமா நீட்டிச்சிருக்காங்க!"

வேலாத்தாள் மேசைக்குத் திரும்பி வந்து, ஒரு பீஸை விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே நின்றாள். ஒரு வருஷம். வேலையை ஒழுங்காகச் செய்தது அவள் குற்றம். ஓர் ஓட்டையைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தால் மூன்று வாரத்தில் அறை கிடைத்திருக்கும். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்று மறுநாள் வேனில் கலைமகளிடம் சொன்னாள்.

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து பையர் தரப்பில் இரண்டு பேர் நல்வாழ்வைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் ஆண், ஒருவர் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். ஓய்வறையில், மத்தியானம், அவர்களுக்கும் முதலாளிக்கும் நாற்காலி போட்டிருந்தது. நாற்பது பெண்களும் சுவரோரமாக நின்றார்கள். ஆறிய துணியை நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் காயத்தைக் கண்டவர் என்று வேலாத்தாளைப் பேசச் சொன்னார்கள்.

வேலாத்தாளுக்கு இதைவிட நல்ல சமயம் வராது என்று பட்டது. நேராகவே சொன்னாள்.

"எனக்கு வேறொண்ணும் வேண்டாமுங்க. முன்னாட்ட இந்த ரூமுல, சோறு உண்டுபோட்டு, இருவது நிமிசம் காலைத் தூக்கி வெச்சுப் படுத்துக்கோணும். அவ்வளவுதானுங்க. நாலு மாசமாச் சொல்றனுங்க, ஒருத்தரும் காதுல வாங்கலீங்க. நின்னு நின்னு உசுரு போகுதுங்க."

தரணீதரன் இதை ஆங்கிலத்தில் நாலு நிமிடம் மொழிபெயர்த்தார். நரைத்த அம்மாள் நெகிழ்ந்துபோய் ஏதோ கேட்டார்.

"இந்தம்மா இருபது நிமிஷம் படுத்துச் செய்யப்போற புதுப் படைப்பை இப்பவே பாக்க முடியுமான்னு கேக்கறாங்க," என்றார் தரணீதரன்.

வேலாத்தாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு, என்ன பெயரில் கொடுத்தால் என்ன என்று முந்தானையை விரித்து, கடப்பாக்கல்லில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்தாள். விசிறி சுற்றியது. கல் ஜில்லென்றிருந்தது. காலில் கட்டியிருந்த ரத்தம் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அப்பாடா என்று இருந்தது, அழுகையே வந்துவிட்டது. விருந்தினர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மோனிஷா குறிப்பேட்டில் எழுதினார்.

ஐந்து நிமிடம் கழித்து வேலாத்தாள் கண்ணைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தாள். கண் மட்டத்தில் வரிசையாக எழுபத்தெட்டு கால்கள். வீங்கிய கணுக்கால், செருப்பு வார் பதிந்த பாதம், ஒரு காலில் நின்று மறுகாலுக்கு ஓய்வு கொடுக்கிற கலைமகளின் கால். தான் படுத்திருப்பதைத் தன்கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"ஏம்புள்ள கலைமகளு, நின்னுட்டு என்னத்தைப் பாக்கறீங்க? வாங்க, வந்து படுங்க. நேரம் ஓடுது."

கலைமகள் தரணீதரனைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். வந்து படுத்தாள். அடுத்து டிரிம்மிங்கிலிருந்து இரண்டு பேர். ஒடிசாப் பெண் ஒருத்திக்குத் தமிழ் வராது, ஆனால் இது அவளுக்குப் புரிந்தது. ஆறாவது ஆள் படுக்கும் வரை விருந்தினர்கள் கைதட்டினார்கள். பதினைந்தாவது ஆளில் கைதட்டல் நின்றது. நாற்பது பேரும் படுத்து முடித்தபோது நாற்காலிகளைப் பின்னால் நகர்த்த வேண்டியிருந்தது, வெளிநாட்டுக்காரர் தரணீதரனின் காதில் எதையோ கேட்டார், அதில் ஸ்ட்ரைக் என்ற சொல் இருந்தது.

தரணீதரன் வியர்த்துப்போய் மோனிஷாவிடம் ஓடினார். "மேடம், இது உங்க நிகழ்ச்சியில இருக்குதுங்களா?"

மோனிஷா பொய் சொல்லத் தெரியாதவர். "இல்லை சார். இதை நான் சொல்லித் தரலை," என்றார்.

"ஒருத்தர் படுத்தா அது கலைங்க மேடம். நாப்பது பேரு படுத்தா அது லேபர் பிராப்ளம்!"

மறுநாள் காலை நாற்பது பேருக்கும் மெமோ வந்தது. 'நேற்று பிற்பகல் 1.02 மணிக்கு, அனுமதிக்கப்பட்ட கலை நிகழ்வின்போது, தாங்கள் முன்னறிவிப்பின்றிப் படுத்ததற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' நாற்பது பேரும் 'கால் வலி' என்று எழுதிக் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத காரணத்தை ஏற்க இயலாது, மகிழ்ச்சி, துயரம், படைப்பூக்கம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்று திரும்பி வந்தது.

இதற்குள் நரைத்த அம்மாள் போனில் எடுத்த படம் ஊர் உலகமெல்லாம் போய்ப் பெரும் புகழ் பெற்றுவிட்டது. அறக்கட்டளை அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி அனுப்பியது. ஆகவே ஒரே படுக்கைக்கு ஒரு பக்கம் மெமோவும் மறுபக்கம் கண்காட்சியும் நடந்தன. கண்காட்சி முடியும்வரை பட்டறையை நிறுத்திவைத்து, ஓய்வறைக் கதவில் பூட்டைத் தொங்கவிட்டார்கள். மேலே பலகை: 'ஓய்வு – ஒரு கண்காட்சி. விருந்தினர்களுக்கு மட்டும்.' ஜன்னல் வழியாகப் பார்த்தால், உள்ளே நான்கு விசிறிகளுக்கும் கீழே, தாங்கள் நாற்பது பேரும் படத்தில் நிம்மதியாகப் படுத்திருப்பது தெரிந்தது.

"பட்டறையும் இல்ல, ரூமும் இல்ல. இப்ப எங்கக்கா போறது?" என்றாள் கலைமகள்.

வேலாத்தாள் யோசித்தாள். மாடிப்படியில் படுத்தால் உருண்டு விழலாம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை. கம்பெனியில் நீளமான, சுத்தமான, காலைத் தூக்கி வைக்கச் சுவர் இருக்கிற தரை இன்னும் ஒன்றுதான் இருந்தது. முதல் மாடியில், முதலாளி அறைக்கு முன்னால். கிரானைட். கதவுக்கு அடியில் ஏசிக் காற்று வேறு வரும்.

"போறதுன்னு ஆயிப்போச்சு. மெமோவுக்கு மேல என்னத்தைக் குடுத்துருவாங்க? வேலையைத்தானே? காலு போச்சுன்னாலும் அது போறதுதான்," என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் படியேறினாள்.

ஒரு மணிக்குச் சுப்பண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போகலாம் என்று கதவைத் திறந்தார். நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெண்கள் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். கால் வைக்க இடம் இல்லை. படிக்கட்டுப் பக்கமிருந்து தரணீதரன் கையில் கோப்போடு ஓடிவந்து, அந்தக் கோடியிலேயே நின்றுவிட்டார்.

சுப்பண்ணன் தூக்கிய காலைத் திரும்ப அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"ஏனப்பா தரணி, இவங்க படுக்கறதுக்குன்னு கீழ ஒரு ரூமு கட்டியுட்டிருந்தமே, அது என்னாச்சு?"

"அது இருக்குதுங் சார்," என்றார் தரணீதரன். "அங்கதானுங்க இவங்க நல்வாழ்வு நடந்துட்டிருக்குது."

சுப்பண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் தலைமுடியையும் மிதித்துவிடாமல், ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார். வேலாத்தாளைத் தாண்டும்போது அவள் விழித்துத்தான் இருந்தாள். ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. மணி அடிக்க இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.